விழவே இல்லை, ஆனாலும் கால் முறிந்தது

என் மகளுக்கு நாலு வயது. டிராம்போலின் என்ற துள்ளல் விரிப்பில் குதித்துக்கொண்டிருந்தபோது முழங்காலுக்குச் சற்றுக் கீழே அவள் கால் எலும்பு முறிந்துபோனது. அவள் எங்கிருந்தும் விழவில்லை, எதிலும் மோதவில்லை, யாரும் அவள் மேல் விழவும் இல்லை. இதை மற்றவர்களுக்குப் புரியவைப்பதற்குள் நான் பட்ட பாடு பெரும் பாடு. கணவர் கடல் தாண்டி சரவாக் மாநிலத்தின் மீரியில் கடல் எண்ணெய்த் தளத்தில் வேலை செய்கிறார், போனால் வாரக்கணக்கில் வரமுடியாது. மலேசியாவின் பினாங்கில் நான், பிள்ளை, மாமியார், மூன்று பேர்தான். ஆஸ்பத்திரி, கட்டு, காப்புறுதி, வேலை, எல்லாவற்றையும் தனியாகச் சமாளித்தேன். இரவில் அவளைத் தூங்கவைத்துவிட்டுக் கைப்பேசியில் தேடினால் தமிழில் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என் அக்கா மகனுக்குப் பத்து வயது நிறைந்தது. பிறந்தநாளை ஒரு டிராம்போலின் விளையாட்டு மையத்தில் வைத்தார்கள். அக்கா குடும்பம் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வந்தது. இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இது சகஜமாகிவிட்டது. நுழைவுச் சீட்டு, வழுக்காத காலுறை, கைப்பேசியில் ஒரு உறுதிமொழிப் படிவம், அப்புறம் உள்ளே. சின்னப் பிள்ளைகளுக்கென்று வலை கட்டிய தனி இடம் ஒன்று இருந்தது. அன்று அதை வேறொரு கூட்டத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். “பரவாயில்லை, பெரிய இடத்திலேயே விளையாடலாம், மூன்று வயதுக்கு மேல் என்றால் சரி” என்று கவுண்டரில் சொன்னார்கள். எத்தனை பேர் ஒரே விரிப்பில் குதிக்கலாம், பெரியவர்களோடு சின்னவர்களை விடலாமா என்றெல்லாம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் விரிப்பின் ஓரத்திலேயே நின்றேன். அக்கா மகனும் அவன் கூட்டாளி ஒருவனும் குதிக்க, நடுவில் என் மகள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று உட்கார்ந்தாள். “அம்மா, கால் வலிக்குது” என்றாள். அழுகைகூட உடனே வரவில்லை. தூக்கி நிறுத்தியபோதுதான் அலறினாள்.

அந்த நொடி என் மகளின் பெரியப்பாவின் கைப்பேசியில் பதிவாகியிருந்தது. அதைப் பிறகு நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பெரியவன் ஒருவன் இறங்கும்போது விரிப்பு ஆழமாகக் கீழே போகிறது. அது மேலே எழும்பும் அதே நேரத்தில் என் மகள் கீழே இறங்குகிறாள். அவள் கால் இரண்டும் நேராக, விறைப்பாக இருக்கின்றன. மேலே வரும் விரிப்பு பாதத்தில் மோதுகிறது, முழங்கால் ஒரு கணம் பின்பக்கமாக வளைகிறது, உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான். பின்னால் மருத்துவர் விளக்கினார்: பெரியவரின் எடை விரிப்பில் ஏற்றிய விசை முழுவதும் அந்த நேரத்தில் சின்னப் பிள்ளையின் காலுக்குப் போகிறது. மெத்தென்று தெரிகிற அந்த விரிப்பு அப்போது சிமெண்டுத் தரைக்குச் சமம். பிள்ளைகளின் கால் எலும்பில் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி இன்னும் இளசாக இருக்கும், அங்கேதான் நசுங்கி வெடிக்கிறது. இதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரே டிராம்போலின் முறிவு. 1986-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், டிராம்போலின் காயங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போது ஏற்படுபவை என்றும், கூட்டத்தில் எடை குறைந்த பிள்ளை அடிபடும் வாய்ப்பு எடை கூடியவர்களைவிட 14 மடங்குவரை அதிகம் என்றும் இருக்கிறது. இவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயம் கவுண்டர் பக்கத்துச் சுவரில் ஏன் ஒரு வரியாக இல்லை என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நேரே ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். கால் வீங்கவில்லை, நிறம் மாறவில்லை. “எங்கிருந்து விழுந்தாள்?” என்று கேட்டார்கள். விழவில்லை என்றேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, தசைப்பிடிப்பாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் ஓடுவாள் என்று சொல்லி வலி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. காரிலேயே கணவருக்குத் தகவல் அனுப்பினேன், ஒன்றுமில்லை என்று.

ஆனால் அவள் ஓடவில்லை. நிற்கவே இல்லை. வீட்டுக்குள் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தாள். இடது காலைத் தரையில் வைக்கச் சொன்னால் உடனே மடக்கிக்கொண்டாள். தொலைக்காட்சி பார்க்கும்போது சிரித்தாள், சாப்பிட்டாள், அதனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் பிடிவாதம் என்றார்கள். டையப்பர் மாற்றுகிற வயதைத் தாண்டிய பிள்ளையைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. “சுளுக்குத்தான்மா, எண்ணெய் போட்டு உருவிவிட்டா சரியாயிடும், டவுன்ல நம்ம சின்சேகிட்ட கூட்டிட்டுப் போவோம்” என்றார். “சரி மாமி, காட்டிட்டு மட்டும் வருவோம், தடவ வேண்டாம்” என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

சின்சே என்றால் சீன நாட்டு வைத்தியர். இவர் வயதானவர். பிள்ளையை மேசையில் உட்காரவைத்து, முதலில் நல்ல காலைத் தொட்டார். அப்புறம் வலிக்கிற காலில் கணுக்காலிலிருந்து மேலே ஒரே ஒரு கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே வந்தபோது அவள் கத்திய கத்தில் வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கையை எடுத்துவிட்டார். “ஊருட் தாக் போலே. அம்பில் எக்ஸ்ரே லாகி” என்றார். இதை உருவக்கூடாது, இன்னொரு எக்ஸ்ரே எடு என்று. காசும் வாங்கவில்லை. அந்த மனிதரை நான் மறக்கமாட்டேன். எல்லா இடத்திலும் இப்படி நேர்மையாக இருப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். உள்ளே முறிவு இருக்கும் காலை எண்ணெய் போட்டு உருவினால் நிலைமை மோசமாகிவிடும்.

அடுத்து எலும்பு மருத்துவ நிபுணர் ஒருவரிடம் போனேன். இங்கேதான் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. எப்படி ஆனது, யார் பக்கத்தில் இருந்தார்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தாதி ஒரு தடவை கேட்டார், மருத்துவர் வேறு மாதிரி மறுபடி கேட்டார். என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று புரிந்தபோது உடம்பெல்லாம் கூசியது. தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள், அடித்திருப்பாள் என்று நினைக்கிறார்களோ என்று தொண்டை அடைத்துக்கொண்டது. இப்போது நிதானமாக யோசித்தால், அவர்கள் கேட்கத்தான் வேண்டும். சின்னப் பிள்ளைக்கு எலும்பு அடிபட்டு, விழவில்லை என்று அம்மா சொன்னால் எந்த நல்ல மருத்துவரும் கேட்பார். பெரியப்பாவின் வீடியோவைக் காட்டினேன். ஒரு முறை பார்த்தார், திருப்பி ஓட்டினார், தலையாட்டினார். இரண்டாவது எக்ஸ்ரேயில், முழங்காலுக்குக் கீழே எலும்பின் குறுக்கே மங்கலாக ஒரு வெள்ளைப் பட்டை தெரிந்தது. முதல் நாளில் முறிவு மயிரிழைபோல இருக்கும், படத்தில் தெரியாமலே போகலாம், பத்து பதினாலு நாள் கழித்து எலும்பு ஒட்ட ஆரம்பிக்கும்போதுதான் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்றார். முதல் மருத்துவமனை மேல் எனக்கு வருத்தம் உண்டு. முறிவு தெரியவில்லை என்பதற்காக இல்லை. “இன்னும் நடக்காவிட்டால் மறுபடி கொண்டுவாருங்கள், படத்தில் தெரியாத முறிவும் உண்டு” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். டிராம்போலினில் குதித்த சின்னப் பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், வீக்கம் இல்லாவிட்டாலும், விழாவிட்டாலும், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், முறிவு என்றே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கவைத்துப் பார்க்க வேண்டாம், தூக்கிக்கொண்டே திரியுங்கள். மறுபரிசோதனைக்குத் தேதி எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். மருத்துவரிடம் “டிராம்போலினில் பெரிய பிள்ளைகளோடு குதித்தாள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள், அந்த ஒரு தகவலே அவர்கள் பார்வையை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோகும். யாராவது படம் பிடித்திருந்தால் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, அடிபட்ட கையோடு ஆறுதலுக்கு மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை வயிறு காலியாக இருப்பது நல்லது, ஒருவேளை மயக்கம் கொடுத்து எலும்பைச் சரிசெய்ய வேண்டிவந்தால் சாப்பிட்ட பிள்ளை மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். என் மகளுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் முழங்கை உடைந்து வரும் பிள்ளைகள் பலருக்குத் தேவைப்படும். கை கோணலாகத் தெரிந்தாலோ, கழுத்து வலி, தலையில் அடி, கை கால் மரத்துப்போவது என்று எதாவது இருந்தாலோ பிள்ளையை அசைக்காமல் 999-க்கு அழையுங்கள்.

தொடையிலிருந்து கால்விரல் அடிவரை கட்டுப் போட்டார்கள். மாவுக்கட்டு கனம் என்பதால் பைபர் கட்டு. அதோடு வாழ்ந்த வாரங்களைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் இரண்டு இரவுகள் நான் சரியாகத் தூங்கவில்லை. கட்டுக்குள் கால் வீங்கினால் ரத்த ஓட்டம் தடைப்படும் என்று சொல்லி, கால்விரலை எப்படிப் பார்ப்பது என்று தாதி காட்டிக் கொடுத்திருந்தார். பெருவிரல் நகத்தை அழுத்தினால் வெளுக்கும், விட்டதும் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் சூடாக இருக்க வேண்டும், ஆட்டச் சொன்னால் ஆட்ட வேண்டும். விரல் வெளுத்தோ நீலமாகவோ ஜில்லென்று இருந்தாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே ஓட வேண்டும். கைப்பேசி வெளிச்சத்தில் அந்தச் சின்ன நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுகை வந்தது. காலைத் தலையணை மேல் இதயத்தைவிட உயரமாக வைப்பது வீக்கத்தைக் குறைத்தது. கழிவறைக்குப் போகும்போது தொடைப் பக்கத்துக் கட்டின் விளிம்பைச் சுற்றி பிளாஸ்டிக் உறையைச் செருகிவிடுவேன், இல்லையென்றால் நனைந்து நாற்றம் எடுத்துவிடும். குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதுதான். பினாங்குப் புழுக்கத்தில் உள்ளே அரிப்பு தாங்காமல் ஒரு நாள் கலர் பென்சிலை உள்ளே விடப் பார்த்தாள். அப்படி எதையும் விடக்கூடாது, தோல் கிழிந்தால் வெளியே தெரியாமலே சீழ் பிடிக்கும். முடி உலர்த்தும் கருவியைச் சூடில்லாத காற்றில் வைத்து மேலிருந்து ஊதினால் அரிப்பு அடங்கும். தள்ளுவண்டியில் அவள் உட்கார முடியவில்லை, கால் நீட்டி வைக்கும் வசதியுள்ள பழைய வண்டி ஒன்றை 180 ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.

பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் அவசரப் பிரிவுச் செலவு 430 ரிங்கிட். அதை மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்புறுதி, ஏற்றுக்கொண்டது. நிபுணர், இரண்டாவது எக்ஸ்ரே, கட்டு என்று 1,150 ஆனது. அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஏனென்றால் என் காப்புறுதியில் விபத்துக்கான வெளிநோயாளர் சிகிச்சை 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், தொடர் சிகிச்சையும் அதே மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மருத்துவமனையை மாற்றுவதற்கு முன்னால் காப்புறுதி முகவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். சில கார்டுகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினால் தராது. பிள்ளைக்கென்று தனி விபத்துக் காப்புறுதி மலிவாகக் கிடைக்கிறது, அதில் இந்த மாதிரிச் செலவு அடங்கும், விளையாட்டு விலக்கு உண்டா என்று மட்டும் படித்துப் பார்த்து எடுங்கள். கட்டுப் போட்ட பிறகு அரசாங்க மருத்துவமனை நிபுணர் கிளினிக்குக்கு மாறிவிட்டேன். தனியாரிடமிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனதால் முதல் தடவை 30 ரிங்கிட், அப்புறம் வருகைக்கு 5 ரிங்கிட். காலையிலிருந்து காத்திருக்க வேண்டும், அது உண்மை. ஆனால் கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை. பெரிய அடி சம்பளத்தில்தான். கட்டு பிரிக்கும்வரை பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்று தாடிகாவில் (பாலர் பள்ளியில்) சொல்லிவிட்டார்கள், மாமியாரால் அவளைத் தூக்க முடியாது, என் ஆண்டு விடுப்பு தீர்ந்து சம்பளமில்லா விடுப்பில் 2,400 ரிங்கிட் போனது. கிராப் வாடகைக் கார் செலவெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,000 ரிங்கிட்.

விளையாட்டு மையத்தில் ஐஸ் பொட்டலம் கொடுத்தார்கள், சம்பவப் படிவம் நிரப்பினார்கள். பின்னால் போன் செய்தபோது இலவச நுழைவுச் சீட்டு தருவதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்கு வாய் அடைத்துப்போனது. கேமரா பதிவைக் கேட்டேன், கொடுக்கவில்லை. பழைய பதிவுகள் மேலெழுதப்பட்டு அழிந்துவிடும், அதனால் கேட்பதாக இருந்தால் அன்றே எழுத்து மூலம் கேளுங்கள், சம்பவப் படிவத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும்போது உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் விளக்கினார்: 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தங்கள் அலட்சியத்துக்கே பொறுப்பில்லை என்று எழுதி வாங்கும் விதி நியாயமற்றது என்று ஒதுக்கப்படலாம். ஆனால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் உடல் காய வழக்குகளை எடுக்காது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கணவர் ஊரில் இல்லாத நிலையில் எனக்கு அதற்குத் தெம்பில்லை. உங்களுக்குத் தெம்பிருந்தால் ரசீது, மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

இதில் யாரும் கவனிக்காத ஒருவன் என் அக்கா மகன். தன்னால்தான் தங்கச்சி கால் உடைந்தது என்று அவன் நினைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வரவில்லை. அக்காவுக்கும் எனக்கும் இடையில் பேச்சு சுருங்கியது. கடைசியில் நானே போன் போட்டு, “கண்ணா, நீ ஒண்ணும் தப்புப் பண்ணல, அந்த விரிப்பு அப்படித்தான் வேலை செய்யும், அதை உனக்குச் சொல்ல வேண்டியது பெரியவங்க” என்று சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அவள் கட்டு முழுக்க டைனோசர் வரைந்துவிட்டுப் போனான். இப்படி நடக்கும் வீடுகளில் தயவுசெய்து அந்தப் பெரிய பிள்ளையிடமும் பேசுங்கள்.

இப்போது பல தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள், பிள்ளையை அங்கே கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று. ஆறு வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம் என்பேன், தயக்கமே இல்லாமல். அதற்கு மேல் என்றால் ஒரு விரிப்பில் ஒரு பிள்ளை, குட்டிக்கரணம் கூடாது. கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். விதி போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்காமல், ஊழியர் அதைச் சொல்லி நிறுத்துகிறாரா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அப்பாக்கள் பிள்ளையோடு சேர்ந்து குதிப்பதைப் பார்க்கும்போது எனக்கு இப்போது பதறுகிறது, அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் எடை வித்தியாசம் அதில்தான் மிக அதிகம். பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியில் ஒருவர் வெளியே வராமல் அடுத்தவரைக் குதிக்கவிடக் கூடாது. இணையத்தில் வாங்கி வீட்டில் போடும் டிராம்போலினைச் சுற்றி வலை இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம், என் மகள் வலையைத் தாண்டி விழவில்லை, விரிப்பின் நடுவில் நின்றுதான் காலை முறித்துக்கொண்டாள்.

கட்டு பிரிக்கும் ரம்பம் பெரிய சத்தம் போடும். அது அதிரும், தோலை வெட்டாது என்று முன்கூட்டியே அவளுக்குச் சொல்லி, காதில் பாட்டு வைத்துக் கூட்டிப்போனேன், அழாமல் இருந்தாள். உள்ளே இருந்த கால் மெலிந்து, தோல் உரிந்து, பார்க்கவே சங்கடமாக இருந்தது, தேங்காய் எண்ணெய் தடவத் தடவச் சரியானது. சில வாரம் நொண்டினாள், அதுவும் போய்விட்டது. ஒன்று மட்டும் மிச்சம். இந்த இடத்தில் முறிந்தால் அடுத்த ஒன்று ஒன்றரை வருடத்தில் அந்தக் கால் முழங்காலில் உள்பக்கமாகச் சாய்ந்து வளரலாம், பெரும்பாலும் சில வருடங்களில் தானாகவே நிமிர்ந்துவிடும், ஆனால் கண்காணிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கட்டு பிரித்ததோடு முடிந்தது என்று மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள். நான் மாதம் ஒரு தடவை அவளைச் சுவரோரம் கால் சேர்த்து நிற்கவைத்து நேராகப் படம் எடுக்கிறேன், அடுத்த தடவை மருத்துவரிடம் வரிசையாகக் காட்டுவதற்கு.